விண்டோஸ் 10 முடிந்த பிறகு எழுதவும் இணையம் பார்க்கவும் எந்த லெப்டொப்பை வாங்கலாம்?

மட்டக்களப்பு நகரிலோ காத்தான்குடியிலோ கல்முனையிலோ பாவித்த லெப்டொப் விற்கும் கடையொன்றில் இரண்டு இயந்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டும் 14 அங்குலம், இரண்டும் கறுப்பு, இரண்டிலும் "ஐ5" என்று ஒட்டியிருக்கிறது. விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஒன்றில் இன்றைய விண்டோஸ் 11 முறைப்படி ஓடும். மற்றது 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொஃப்டின் கணக்கில் காலாவதியானது. வெளியில் பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. பலர் குழம்புவதும், சிலர் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான்.

கட்டுரை, கதை, பாடக்குறிப்பு, விண்ணப்பம் எழுதுபவர்கள், செய்தி வாசிப்பவர்கள், மின்னஞ்சல் பார்ப்பவர்கள், சூம் வகுப்பில் சேர்பவர்கள், யூடியூப் பார்ப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது இது. வீடியோ வெட்டுபவருக்கும் கட்டட வரைபடம் போடுபவருக்கும் தேவை வேறு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரு இலட்சம் ரூபாவைச் சுற்றிக் கையில் காசு இருக்கிறதென்றால், அதே காசுக்கு வரும் புதிய மலிவு இயந்திரத்தை விட, வெளிநாட்டு அலுவலகங்களில் பாவித்துக் கழித்த நல்ல இயந்திரத்தையே தேட வேண்டும். அதில் நான்கு விடயங்கள் இருக்க வேண்டும்: இன்டெல் கம்பனியின் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய புரொசசர் (கணினியின் மூளை), 8 ஜீபி ரேம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் தற்காலிக நினைவகம்), எஸ்.எஸ்.டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பு), முழு எச்டி திரை. ஏன் இந்த நான்கு என்பதைப் பார்ப்போம்.

2025இல் நடந்தது என்ன?

விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியது. அன்றோடு இயந்திரம் ஓடாமல் போய்விடாது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் இலவச அப்டேட் வழமைபோல் வராது, அவ்வளவுதான். மைக்ரோசொஃப்ட் கணக்கோடு பதிவு செய்த வீட்டுப் பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை ஒரு நீடிப்பு கொடுத்தார்கள்.

பழைய அனுபவம் ஒன்று இங்கே வழிகாட்டும். விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது. குரோம் பிரவுசர் அதற்குப் பிறகும் மூன்று வருடம் விண்டோஸ் 7இல் ஓடியது. 2023 தொடக்கத்தில்தான், 109ஆம் பதிப்போடு, கைவிட்டது. அதன் பிறகு வங்கித் தளங்களும் புதிய இணையப் பக்கங்களும் ஒவ்வொன்றாக முரண்டுபிடிக்கத் தொடங்கின. விண்டோஸ் 10க்கும் அப்படி ஒரு நாள் வரும். இணையம் பார்ப்பதற்கென்றே வாங்கும் இயந்திரத்தில் பிரவுசர் கைவிடப்பட்டால் மிச்சம் எதுவும் இல்லை.

விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதற்கு மைக்ரோசொஃப்ட் ஒரு கோடு போட்டிருக்கிறது. ஓரிரு விதிவிலக்கைத் தவிர, இன்டெல் கோர் வரிசையில் 2017இல் வெளிவரத் தொடங்கிய 8ஆம் தலைமுறைக்கு முந்தியவை பட்டியலில் இல்லை. இன்டெல்லின் போட்டிக் கம்பனியான ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையைச் சுற்றித்தான் அந்தக் கோடு வருகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இருக்க வேண்டும். இதனால் வெளிநாட்டு நிறுவனங்கள் 6ஆம், 7ஆம் தலைமுறை இயந்திரங்களைக் கூட்டமாகக் கழிக்கின்றன. கழிக்கப்பட்டவை துடைத்து மினுக்கி, பாவித்த பொருட் சந்தைக்கு வருகின்றன. பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும், விலையும் கையைக் கடிக்காது.

அதே காலத்தில் எதிர்ப்பக்கமாக இன்னொன்றும் நடந்தது. 2025இன் கடைசி மாதங்களில் ரேம் விலை உலகெங்கும் ஏறத் தொடங்கியது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்கள்தான் உலகின் பெரும்பங்கு ரேம் சில்லுகளைச் செய்கின்றன. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் அவற்றை அள்ளிக்கொண்டு போகின்றன. சாதாரண மக்களுக்குக் "குரூஷியல்" என்ற பெயரில் ரேமும் எஸ்.எஸ்.டியும் விற்றுவந்த மைக்ரோன், அந்த வியாபாரத்தை விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. "இப்போது 4 ஜீபியோடு வாங்குவோம், பிறகு ரேம் கூட்டிக்கொள்வோம்" என்று ஊரில் காலாகாலமாகச் சொல்லிவந்த யோசனை இதனால் தலைகீழாகிவிட்டது. ரேம் போட்டு வரும் இயந்திரத்தை வாங்குவதுதான் இப்போது இலாபம்.

எழுத எவ்வளவு பலம் தேவை? இணையத்துக்கு எவ்வளவு?

எழுதுவதற்கு ஏறக்குறைய ஒன்றும் தேவையில்லை. ஒரு கணக்குப் பார்ப்போம். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில், தமிழின் ஒவ்வொரு குறியும் கோப்பில் 3 பைட் பிடிக்கும். "கா" என்பதில் க ஒரு குறி, துணைக்கால் இன்னொரு குறி. 60,000 சொற்கள் கொண்ட நாவல் ஒன்றில், சொல்லுக்கு 9 குறி என்று வைத்தாலும், மொத்தம் 16 இலட்சம் பைட் சொச்சம்தான் வரும். போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் படம் இதைவிடப் பெரிது. பத்து வருடத்துக்கு முந்திய இயந்திரத்திலும் நாவல் எழுதலாம்.

பாரம் முழுவதும் பிரவுசரில்தான் இருக்கிறது. குரோம் போன்ற பிரவுசர்கள் பாதுகாப்புக்காக ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி வேலையாகப் பிரித்து ஓட்டுகின்றன. குரோமில் இந்த ஏற்பாடு 2018இல் இருந்து வழமையாகிவிட்டது. அதனால் ஒரு தாவலில் செய்தி, ஒன்றில் மின்னஞ்சல், ஒன்றில் கூகுள் டொக்ஸ், ஒன்றில் யூடியூப் என்று திறந்தால் ஒவ்வொன்றும் தனக்கென ரேமைப் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் தான் எழும்பி நிற்கவே 2 முதல் 3 ஜீபி எடுக்கும். மொத்தம் 4 ஜீபி என்றால் பிரவுசருக்கு மிஞ்சுவது கொஞ்சம். ரேம் நிரம்பியதும் இயந்திரம் மிச்சத்தை எஸ்.எஸ்.டியிலோ ஹார்ட் டிஸ்க்கிலோ எழுதி எழுதி எடுக்கும். "லெப்டொப் ஸ்டக் ஆகிறது" என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

வீடியோவுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. யூடியூப் தன் வீடியோக்களைப் பெரும்பாலும் விபி9 என்ற முறையில் சுருக்கி அனுப்புகிறது. அதை விரிப்பதற்கான தனிப் பகுதி இன்டெல் 7ஆம் தலைமுறையிலிருந்துதான் புரொசசருக்குள்ளேயே முழுமையாக இருக்கிறது. அதற்கு முந்தியவற்றில் இந்த வேலையில் பெரும்பகுதி புரொசசரின் தலையில் விழும். காற்றாடி இரையும், சூடு ஏறும், பட்டரி இறங்கும். ஏ.எல். பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரம் வகுப்பு வீடியோ பார்க்கும் வீட்டில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஐ5, ஐ7 என்ற பெயரில் மயங்க வேண்டாம்

"ஐ7 தம்பி, இதைவிட மேலே இல்லை" என்று கடையில் சொல்லலாம். அந்த 7 தலைமுறையைக் குறிப்பதில்லை. இன்டெல்லின் பெயரில் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விடயம் இருக்கிறது.

ஐ5-6300யூ என்றால் 6ஆம் தலைமுறை. ஐ5-7300யூ 7ஆம் தலைமுறை. ஐ5-8250யூ, ஐ5-8350யூ இரண்டும் 8ஆம் தலைமுறை. ஐ5-1135ஜி7 என்றால் முதல் இரண்டு இலக்கத்தை எடுக்க வேண்டும், 11ஆம் தலைமுறை.

8 என்ற எண்ணுக்கு விண்டோஸ் 11 மட்டும் காரணமில்லை. மெல்லிய லெப்டொப்புகளில் வரும் "யூ" வரிசையில் 7ஆம் தலைமுறை வரை ஐ5க்கு இரண்டு கோர்தான் (புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) இருந்தன. 8ஆம் தலைமுறையில் அது நான்காகியது. 4ஆம் தலைமுறை ஐ7-4600யூவிலும் இரண்டு கோர்தான். ஆகவே பழைய "யூ" வரிசை ஐ7ஐ விட 8ஆம் தலைமுறை ஐ5 எல்லா வகையிலும் மேல். இப்படி ஒரே தாவில் இரண்டு நன்மை சேர்ந்து வருவது அபூர்வம்.

மொடல் பெயரைப் பார்த்தும் ஓரளவு ஊகிக்கலாம்:

1. எச்பி எலைட்புக் 840: ஜி3 என்றால் 6ஆம் தலைமுறை, ஜி4 என்றால் பெரும்பாலும் 7, ஜி5 என்றால் பெரும்பாலும் 8.
2. லெனோவோ திங்க்பேட்: டி460 என்றால் 6, டி470 என்றால் 6 அல்லது 7, டி480 என்றால் பெரும்பாலும் 8.
3. டெல் லட்டிட்யூட்: 7470 என்றால் 6, 7480 என்றால் 6 அல்லது 7, 7490 என்றால் பெரும்பாலும் 8.

"பெரும்பாலும்" என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே மொடலை இரண்டு தலைமுறைப் புரொசசரோடும் விற்றார்கள். ஆகவே விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போய்ப் புரொசசரின் முழுப் பெயரைக் கண்ணால் பார்த்த பிறகே விலை பேச வேண்டும்.

"விண்டோஸ் 11 போட்டுத்தான் தருகிறோம்"

6ஆம், 7ஆம் தலைமுறை இயந்திரத்திலும் விண்டோஸ் 11 ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கலாம். தகுதிச் சோதனையைத் தாண்டிச் செல்லும் வழிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. நிறுவிவிட்டால் அது ஓடவும் செய்யும். ஆனால் தகுதியில்லாத இயந்திரங்களுக்கு அப்டேட் கிடைக்கும் என்று உறுதி தர முடியாது என மைக்ரோசொஃப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வருடாந்தப் பெரிய பதிப்பு மாறும்போது, முன்பு செய்த அதே குறுக்கு வழியை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும். அதைத் தானே செய்யத் தெரிந்தவர் வாங்கலாம். வீட்டில் அம்மாவோ பிள்ளையோ பாவிக்கப்போகிற இயந்திரம் என்றால், திரையில் விண்டோஸ் 11 தெரிகிறது என்பதை மட்டும் வைத்து விலை கூட்டிக் கொடுக்கக் கூடாது.

உரிமம் பற்றியும் கேட்க வேண்டும். அலுவலக வகை லெப்டொப்புகளில் விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் இயந்திரத்திலேயே பதிந்திருக்கும். செட்டிங்ஸில் அக்டிவேஷன் என்ற இடத்தில் அது தெரியும். உரிமத்தை உடைக்கும் திருட்டு மென்பொருள் போட்டுக் கொடுத்திருந்தால், அதோடு வேறு என்ன உள்ளே வந்தது என்று யாருக்கும் தெரியாது. அந்த இயந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து.

ரேமும் எஸ்.எஸ்.டியும்

ரேம் 8 ஜீபி இருந்தால் இந்த வேலைகளுக்குப் போதும். 16 ஜீபியோடு கிடைத்து விலை வித்தியாசம் சிறிதென்றால் எடுக்கலாம். ரேம் கழற்றிப் போடக்கூடியதா, உள்ளே இருக்கும் பிரதான பலகையில் (மதர்போர்ட்) ஒட்டியதா என்று கேளுங்கள். டி480, லட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றிலும் ரேம் போட இரண்டு இடங்கள் உண்டு.

எஸ்.எஸ்.டி 256 ஜீபி போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கோடு வரும் இயந்திரத்தை, அது 1 டெராபைட் என்று சொன்னாலும், அப்படியே எடுக்க வேண்டாம். விண்டோஸ் ஒரே நேரத்தில் ஆயிரம் சின்னக் கோப்புகளை அங்கும் இங்கும் தேடும். தட்டு சுழன்று ஊசி நகர்ந்து எடுக்கும் வேகம் அதற்குப் போதாது. பழைய இயந்திரம் மெதுவாக இருக்கிறது என்று எறிய நினைப்பவர்கள் முதலில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி போட்டுப் பார்க்கட்டும்.

கண்ணும் கையும் படும் இடங்கள்

எழுதுகிறவருக்கு இந்தப் பகுதிதான் முக்கியம். ஆனால் கடையில் யாரும் இதைப் பற்றிக் கதைப்பதில்லை. புரொசசர் கொஞ்சம் மெதுவென்றால் பொறுத்துக்கொள்ளலாம். மங்கலான திரையும் மோசமான விசைப்பலகையும் ஒவ்வொரு நாளும் உடம்பைத் தின்னும்.

14 அங்குலத் திரைகள் இரண்டு வகையாகச் சந்தையில் இருக்கின்றன. 1366க்கு 768 புள்ளி கொண்டது ஒன்று, 1920க்கு 1080 கொண்ட முழு எச்டி மற்றது. முதலாவதில் அங்குலத்துக்கு 112 புள்ளி, இரண்டாவதில் 157. ஆங்கில எழுத்தை 112 புள்ளியில் வாசித்துவிடலாம். தமிழ் எழுத்து அப்படியில்லை. ணூ, ஞை, ளூ போன்றவற்றின் சுழிகளுக்கும் மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளிக்கும் இடம் வேண்டும். குறைந்த புள்ளியில் ன எது, ண எது என்று கண் ஒவ்வொரு தடவையும் தேடும். இரண்டு மணி நேரம் மெய்ப்புப் பார்த்தால் தலையிடி வருவது இதனால்தான். முழு எச்டி திரையில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று சிலர் சொல்வார்கள். செட்டிங்ஸில் ஸ்கேலை 125 அல்லது 150 வீதமாக்கினால் எழுத்து பழைய அளவுக்கு வந்துவிடும். அதே எழுத்தை வரையக் கூடுதல் புள்ளிகள் இருப்பதால் கூர்மையாக இருக்கும்.

திரையின் தரத்தைக் கடையிலேயே பார்க்கலாம். வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, மூடியை முன்னும் பின்னும் சரித்துப் பாருங்கள். நிறம் வெளிறி மாறினால் அது பழைய டிஎன் வகை. மாறாமல் நின்றால் ஐபிஎஸ். டி480, எலைட்புக், லட்டிட்யூட் எல்லாவற்றிலுமே இரண்டு வகையும் விற்றிருக்கிறார்கள். மொடல் பெயரை நம்பித் திரையைப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

விசைப்பலகையில் கவனிக்க வேண்டியது அது எந்த நாட்டுக்காகச் செய்யப்பட்டது என்பதை. ஜப்பானுக்காகச் செய்த இயந்திரத்தில் இடைவெளி விசை குட்டையாக இருக்கும், அதன் இரு பக்கமும் நமக்குத் தேவையில்லாத விசைகள் இருக்கும். ஜேர்மனிக்காகச் செய்ததில் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். மென்பொருளில் அமெரிக்க அமைப்புக்கு மாற்றலாம். ஆனால் அச்சடித்த எழுத்தும் குட்டையான இடைவெளி விசையும் மாறாது. பார்க்காமல் தட்டெழுதுபவருக்கு அச்சு பிரச்சினையில்லை, இடைவெளி விசைதான் பிரச்சினை.

தமிழ் எழுத்து பொறித்த விசைப்பலகை தேவையில்லை. தமிழ்99, அஞ்சல் (ஆங்கில எழுத்தின் ஒலிப்பில் அடிப்பது) ஆகிய இரண்டு விசை அமைப்புகளும் 2019இல் இருந்து விண்டோஸோடு சேர்ந்தே வருகின்றன. நம் பகுதியில் பாமினியில் பழகிய கைகள் நிறைய. பாமினி எழுத்துருவில் அடித்தது திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மின்னஞ்சலிலோ முகநூலிலோ ஒட்டினால் குப்பையாக வரும், இணையத்தில் தேடினாலும் அகப்படாது. விரலின் பழக்கத்தை விடாமல் யூனிகோடில் எழுத வழி இருக்கிறது. இ-கலப்பை என்ற இலவச மென்பொருளில் பாமினி விசை அமைப்பைத் தெரிவு செய்தால் வழமைபோல் அடிக்கலாம், வருவது யூனிகோட்.

கரண்ட், பட்டரி, உப்புக் காற்று

2022 மார்ச் கடைசியில் நாட்டில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. மாரிகாலத்தில் மழையும் காற்றும் கம்பியை அறுப்பது தனிக் கதை. பட்டரி நல்லதாக இருப்பது இங்கே ஆடம்பரம் ஆகாது.

விண்டோஸில் பட்டரி அறிக்கை ஒன்றை ஒரே கட்டளையில் எடுக்கலாம். கடைக்காரரிடம் "பட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அதில் இரண்டு எண்கள் இருக்கும். செய்தபோது இருந்த கொள்ளளவு ஒன்று, இப்போது முழுதாக ஏற்றினால் கொள்ளும் அளவு மற்றது. 50,000 மில்லிவாட் மணியாக இருந்தது இப்போது 30,000 என்றால் 60 வீதம் மிச்சம். எழுதும்போது இந்த வகை இயந்திரம் ஏறக்குறைய 8 முதல் 10 வாட் குடிக்கும் என்று வைத்தால், 30 வாட் மணிக்கு மூன்று மணி நேரம் சொச்சம் கிடைக்கும். 50 வீதத்துக்குக் கீழே போயிருந்தால் புதுப் பட்டரியின் விலையைக் கழித்துத்தான் பேரம் பேச வேண்டும்.

டி480இல் உள்ளே ஒரு பட்டரி, வெளியே கழற்றக்கூடிய ஒன்று என்று இரண்டு உண்டு. இயந்திரத்தை நிறுத்தாமலே வெளிப் பட்டரியை மாற்றலாம். மேலே சொன்ன மூன்று 8ஆம் தலைமுறை மொடல்களும் யூஎஸ்பி-சி வழியாகவும் சார்ஜ் ஆகும். சார்ஜர் பழுதானால் அதே மொடல் சார்ஜரைத் தேடி அலையத் தேவையில்லை, 65 வாட் யூஎஸ்பி-சி சார்ஜர் ஒன்று போதும். கொக்கட்டிச்சோலையிலோ பொத்துவிலிலோ இருப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

கடலுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கும் ஊர்களில் உப்பு ஈரம் உலோகத்தை அரிக்கும். யூஎஸ்பி துளைகளுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ படிந்திருந்தால் உள்ளே பலகையிலும் அது இருக்க வாய்ப்புண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு நாட்டின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. நனைந்து காய்ந்த இயந்திரம் சில மாதம் ஓடிவிட்டுத் திடீரென்று நிற்கும். திருகாணிகளின் தலையில் துரு, விசைகளின் அடியில் சேற்றுக் கறை, திரையின் ஓரத்தில் நீர்த்தடம் ஆகிய மூன்றில் ஒன்று தெரிந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

கடையில் நின்றே பார்க்க வேண்டியவை

1. இயந்திரத்தை முழுதாக அணைத்துவிட்டு ஏற்றச் சொல்லுங்கள். விண்டோஸ் எழும்புவதற்கு முன் வரும் அடிப்படை அமைப்பான பயோஸுக்குள் போய்ப் பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் வாங்க வேண்டாம். சில வகை அலுவலக இயந்திரங்களில் அந்தப் பூட்டைத் திறப்பது பலகையை மாற்றுவதற்குச் சமம்.

2. முன்பு வைத்திருந்த நிறுவனத்தின் பதிவிலிருந்து இயந்திரம் விடுவிக்கப்பட்டதா என்பதுதான் மிகப் பெரிய பொறி. விடுவிக்கப்படாவிட்டால், விண்டோஸைப் புதிதாக நிறுவி இணையத்தோடு இணைத்ததும் ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் பெயரோடு அவர்களது கணக்கால் உள்நுழையக் கேட்கும். கடையில் ஏற்கெனவே நிறுவியிருப்பதால் அன்றைக்குத் தெரியாது, ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். "ரீசெட் செய்து, வைஃபை இணைத்து, முதலிலிருந்து செய்து காட்டுங்கள்" என்று கேட்பது முறையான கோரிக்கைதான்.

3. வெறும் எழுத்துப் பக்கம் ஒன்றைத் திறந்து எல்லா விசையையும் ஒரு தடவை அழுத்துங்கள்.

4. யூடியூபில் முழு எச்டி வீடியோ ஒன்றைப் பத்து நிமிடம் ஓட விட்டு, கையை அடியில் வைத்துப் பாருங்கள். சூடு தாங்க முடியாததாகவோ காற்றாடி கரகரப்பதாகவோ இருந்தால் உள்ளே தூசு அடைத்திருக்கிறது. தூசு தட்டிப் புது வெப்பப் பசை பூசினால் சரியாகும். அதைக் கடைக்காரரின் செலவில் செய்யச் சொல்லுங்கள்.

5. கமெரா, மைக், ஒலிபெருக்கி, வைஃபை, எல்லா யூஎஸ்பி துளையும்.

6. மூடியை ஒரு கையால் திறந்து மூடுங்கள். கீல் நெரிந்தால் திரைக் கம்பி ஒரு நாள் அறும்.

7. பில்லில் மொடல், புரொசசர், ரேம், தொடர் இலக்கம், வொரண்டி நாள் எல்லாம் எழுதி வாங்குங்கள்.

புதிது ஏன் வேண்டாம் என்கிறேன்?

பெட்டி உடைக்காத புதுப் பொருளின் மேல் ஆசை இருப்பது இயல்பு. வொரண்டியும் உண்டு, பட்டரியும் முழுமையாக இருக்கும். ஆனால் அந்த விலைக்கு வரும் புதியவற்றில் செலரோன் என்4020, என்4500 போன்ற இரண்டு கோர் புரொசசரும், 4 ஜீபி ஒட்டிய ரேமும், 64 அல்லது 128 ஜீபி இஎம்எம்சியும் இருக்கும். இஎம்எம்சி என்பது போன், பென் ட்ரைவ் வகைச் சேமிப்பு. எஸ்.எஸ்.டியை விட மெதுவானது, பலகையில் ஒட்டியது, மாற்ற முடியாது. விண்டோஸ் 11க்கே குறைந்தது 64 ஜீபி வேண்டும். அந்த அளவில் இரண்டு பெரிய அப்டேட்டோடு இடம் தீர்ந்துவிடும். இவை விண்டோஸ் 11 பட்டியலில் இருப்பதால் "தகுதியானது" என்று விற்கலாம். தகுதி இருப்பது ஒன்று, வேலை செய்ய இலகுவாக இருப்பது வேறு.

புதிதுதான் வேண்டும் என்றால் இன்டெல் என்100 புரொசசர், 8 ஜீபி ரேம், எஸ்.எஸ்.டி மூன்றும் ஒன்றாக இருக்கும் மொடலைப் பாருங்கள். என்100 நான்கு கோர் கொண்டது, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும், இந்த வேலைகளுக்குத் தாராளம். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.

கையில் பழையது இருந்தால்

6ஆம், 7ஆம் தலைமுறை இயந்திரம் ஏற்கெனவே வீட்டில் இருப்பவர் பதறி விற்கத் தேவையில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். ஃபயர்ஃபொக்ஸ் அதில் சேர்ந்தே வருகிறது, குரோமும் போடலாம். எழுத லிப்ரே ஒஃபிஸ் இருக்கிறது. தமிழ்99, ஒலியியல் விசை அமைப்புகளும் கிடைக்கும். மைக்ரோசொஃப்ட் வேர்ட் கோப்பு கட்டாயம் என்று பாடசாலையோ அலுவலகமோ கேட்டால் மட்டும், அட்டவணைகளும் பக்க அமைப்பும் கொஞ்சம் கலையலாம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

லெப்டொப் வாங்கவே இப்போது காசில்லை என்பவருக்கும் வழி இருக்கிறது. கையில் இருக்கும் போனோடு புளூடூத் விசைப்பலகை ஒன்றை இணைத்தால் கட்டுரை எழுதலாம், கூகுள் டொக்ஸில் சேமிக்கலாம். நீளமான படிவம் நிரப்புவதும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு வாசிப்பதும் அதில் சிரமம். எழுதுவதற்குத் தடையில்லை.

கொழும்பில் வாங்குவதா, ஊரில் வாங்குவதா?

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் தெரிவு கூட, விலையும் சில வேளை குறையும். ஆனால் மட்டக்களப்பிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் மேல். அக்கரைப்பற்றிலிருந்து இன்னும் கூட. வாங்கி ஒரு கிழமையில் பழுதென்றால் இரவு பஸ்ஸில் ஏறி, பகல் முழுவதும் கடையில் காத்திருந்து, மறுபடியும் இரவு பஸ்ஸில் வர வேண்டும். ஊர்க் கடைக்காரர் சில ஆயிரம் கூட்டிச் சொன்னாலும், எழுத்தில் வொரண்டி தருகிறார், திருத்தும் இடமும் அங்கேயே இருக்கிறது என்றால், பாவித்த பொருளுக்கு அதுதான் நல்லது. ஒன்லைன் விளம்பரத்தில் படம் பார்த்து முற்பணம் அனுப்புவதை மட்டும் எந்த விலைக்கும் செய்ய வேண்டாம்.

வாங்கி வந்த முதல் நாள்

முதலில் நல்ல வைஃபை உள்ள இடத்தில் வைத்து எல்லா அப்டேட்டையும் முடித்துக்கொள்ளுங்கள், பல ஜீபி இறங்கும். வீட்டில் போன் ஹொட்ஸ்பொட்டில்தான் பாவிக்கப்போகிறீர்கள் என்றால், அந்த இணைப்பை விண்டோஸில் "மீட்டர்ட்" (அளவோடு செலவிட வேண்டிய இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ரீலோட் போட்ட டேட்டா ஒரே இரவில் அப்டேட்டுக்குப் போய்விடும்.

சார்ஜ் எல்லையை 80 வீதத்தில் நிறுத்தும் வசதி இந்த அலுவலக வகை இயந்திரங்களில் பலவற்றில் உண்டு. எந்நேரமும் செருகி வைத்துப் பாவிப்பவருக்கு, நம் வெக்கைக்கு, அது பட்டரியின் ஆயுளை நன்றாக நீட்டும். இடி முழங்கும் பின்னேரங்களில் சார்ஜரையும் ரவுட்டரையும் சுவரிலிருந்து கழற்றி வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது.

பாவித்த எஸ்.எஸ்.டி எப்போது போகும் என்று முன்கூட்டிச் சொல்லாது. எழுதும் கோப்புறையை கூகுள் ட்ரைவிலோ வன் ட்ரைவிலோ இணைத்துவிடுங்கள். இரண்டிலும் சில ஜீபி இலவசம், எழுத்துக்கு அது பல வருடம் போதும். கிழமைக்கு ஒரு தடவை பென் ட்ரைவ் ஒன்றிலும் பிரதி எடுத்து, அதை லெப்டொப் பையில் போடாமல் வேறு இடத்தில் வையுங்கள்.